பத்துப் பாத்திரமும் ஒரு யந்திரமும்

"பத்துப் பாத்திரம் தேய்த்தாவது என் பிள்ளையைப் படிக்க வைப்பேன்!"

நம் நாடகங்களிலும் சினிமாக்களிலும் எத்தனை தாய்மார்கள் இப்படிச் சபதம் செய்திருக்கிறார்கள்! மூட்டை சுமப்பேன், கல் உடைப்பேன் என்று சொன்னால்கூட அவ்வளவு உருக்கம் வராது. பிறர் சாப்பிட்டு எழுந்த எச்சிலைக் கழுவுவதற்குக் கீழே வேறு வேலை கிடையாது என்று நாம் எல்லோரும் மனத்துக்குள் முடிவு கட்டி வைத்திருப்பதுதான் காரணம்.

சோறும் குழம்பும் பற்றிக்கொண்ட பாத்திரம் பற்றுப் பாத்திரம். பேச்சு வழக்கில் அது 'பத்து' ஆகிவிட்டது. அதனால் எண்ணிக்கை பத்தோடு நின்றுவிடும் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். எங்கள் வீட்டில் ஐந்து பேர். வேறு வேலையில்லாத பென்ஷன்காரனாகிய நான் ஒரு நாள் காலைக் காபியிலிருந்து இரவுப் பால் வரையில் எண்ணிப் பார்த்தேன். ஸ்பூன்களைச் சேர்க்காமல் 74 உருப்படி!

இந்த 74 உருப்படிகளையும் கழுவ என்று எங்கள் வீட்டில் ஒரு யந்திரம் வந்து சேர்ந்து இப்பொழுது 8 மாதம் ஆகிறது. டிஷ்வாஷர் என்று கடையில் சொல்கிறார்கள். அது வந்தது முதல் தெரிந்தவர்கள் யாரைப் பார்த்தாலும், "எப்படி ஸார் இருக்கிறது? நம் ஊர்ப் பாத்திரமெல்லாம் கழுவுமா? வாங்கலாமா?" என்று கேட்கிறார்கள். முதல் வாரத்தில் கேட்டிருந்தால், "வேண்டவே வேண்டாம்" என்று சொல்லியிருப்பேன். மூன்றாவது மாதத்தில் கேட்டிருந்தால், "இன்றைக்கே வாங்குங்கள்" என்று சொல்லியிருப்பேன். 8 மாதம் ஆன பிறகு, பதில் அவ்வளவு சுருக்கமாக இல்லை. ஆகவே சற்று விவரமாகவே சொல்லிவிடுகிறேன்.

கட்டை விரல் செய்த கலகம்

எல்லாவற்றுக்கும் ஆரம்பம் என் மனைவியின் வலது கட்டை விரல். அதன் அடி மூட்டில் வலி கண்டு, குக்கர் மூடியைத் திருகவும் கடாயைத் தூக்கிப் பிடித்துத் தேய்க்கவும் முடியாமல் போயிற்று. டாக்டர் களிம்பு கொடுத்தார். "விரலுக்கு ஓய்வு கொடுங்கள்" என்றும் சொன்னார். சமையலறையில் இருந்துகொண்டு விரலுக்கு ஓய்வு கொடுப்பது எப்படி என்பதை மட்டும் சீட்டில் எழுதவில்லை.

எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க ஓர் அம்மாள் 18 வருஷமாக வருகிறார். காலையில் ஒரு வேளை, மாலையில் ஒரு வேளை. அவர் போன பிறகு விழுகிற பாத்திரமும் இரவுப் பாத்திரம் முழுவதும் என் மனைவியின் பங்கு. மருமகள் வேலைக்குப் போகிறவள். இரவு எட்டு மணிக்கு வீடு திரும்பி, புடவை மாற்றிய கையோடு பாதிப் பங்கை வாங்கிக்கொள்வாள். மகனும் நானும் பேரனும், சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு போய் ஸிங்க்கில் போடுவதையே பெரிய உபகாரமாக நினைத்திருந்தோம்.

2020-ம் வருஷம் மார்ச் மாதக் கடைசியில் ஊரடங்கு வந்ததல்லவா? வேலைக்கு ஆள் வர முடியாமல் போன அந்த நாட்களில்தான் நம் நாட்டில் பல வீடுகளுக்குள் இந்த யந்திரம் நுழைந்தது. எங்கள் வீட்டில் அப்பொழுது சமாளித்துவிட்டோம்; அதாவது, மாமியாரும் மருமகளும் சமாளித்தார்கள். கட்டை விரல் கலகம் செய்த பிறகுதான் மகன் பேச்சை எடுத்தான்.

நான் மூன்று ஆட்சேபணை சொன்னேன். தண்ணீர் அதிகம் பிடிக்கும். மின்சாரம் அதிகம் பிடிக்கும். இரண்டரை மணி நேரம் ஓடுமாமே, அந்த நேரத்தில் ஒரு கல்யாண வீட்டுப் பாத்திரத்தையே கழுவிக் கவிழ்த்துவிடலாமே என்றேன். நாலாவது ஆட்சேபணை ஒன்று இருந்தது. அதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. யந்திரம் வந்து இறங்கிய அன்று அந்த அம்மாளே சொல்லிவிட்டார். பெட்டியைச் சுற்றி ஒரு முறை வந்து பார்த்தார்.

"இன்னாம்மா இது, துணி தோய்க்கிறதா?"

"இல்லை, பாத்திரம் கழுவறது" என்றாள் என் மனைவி.

அவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்போ நாளைலேர்ந்து நான் வரணுமா, வேணாமாம்மா?" என்று கேட்டார்.

"நீ வா" என்று மட்டும் சொன்னாள் என் மனைவி. எதற்கு வர வேண்டும் என்று அவளுக்கும் அப்பொழுது தெரியாது.

அந்த அம்மாளின் கைகளை அன்றைக்குத்தான் நான் சரியாகப் பார்த்தேன். விரலிடுக்கெல்லாம் ஊறி வெளுத்திருந்தது. நகக்கண்கள் சிவந்து வீங்கியிருந்தன. சேற்றுப் புண். ஈரம் உலராத தோலில் காளான் வகைக் கிருமிகள் குடியேறுவதால் வருவது. மருந்து போட்டால் ஆறும். மறுநாளும் ஐந்து வீட்டுச் சோப்புத் தண்ணீரில் கை வைத்தால் திரும்பி வரும். 18 வருஷமாக அந்தக் கை எங்கள் வீட்டுக்கு வந்து போயிருக்கிறது, நான் பார்க்கவில்லை.

நுரைப் புராணம்

முதல் நாள் யந்திரத்தை ஓட்டும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். கூட வந்த புத்தகத்தைப் படிக்கவில்லை. பாத்திரம் கழுவுவதற்குத்தானே யந்திரம் என்று, ஸிங்க் ஓரத்தில் இருந்த பாத்திர சோப்புத் திரவத்தை இரண்டு கரண்டி தாராளமாக ஊற்றினேன். கால் மணிக்கெல்லாம் கதவிடுக்கு வழியாக வெண்ணுரை பொங்கி வழிந்து, சமையலறை பாற்கடல் ஆயிற்று. பேரனுக்குப் பரம சந்தோஷம். துடைத்து எடுக்க ஒரு மணி நேரம் பிடித்தது. துடைத்தது நான் அல்ல.

கையால் தேய்க்கிற சோப்புக்கு நுரை அழகு. இந்த யந்திரத்துக்கு நுரை சத்துரு. காரணம், அது பாத்திரத்தைத் தேய்ப்பதே இல்லை. அடியில் உள்ள குழியில் சில லிட்டர் தண்ணீர் தேங்குகிறது. அதைச் சூடாக்கி, ஒரு பம்பு வேகமாக மேலே தள்ளுகிறது. மேல் தட்டுக்கும் கீழ்த் தட்டுக்கும் அடியில் துளைகள் உள்ள கைகள் இருக்கின்றன. தீபாவளிச் சங்குசக்கரம் நெருப்பைக் கக்கிக்கொண்டே சுற்றுகிறதல்லவா? அதே போல இந்தக் கைகள் தண்ணீரைக் கக்கிக்கொண்டே சுற்றுகின்றன. பாத்திரத்தில் பட்டு விழுகிற தண்ணீர் சல்லடையில் வடிந்து, மறுபடியும் பம்புக்கே போகிறது. நுரை வந்துவிட்டால் பம்பு தண்ணீருக்குப் பதிலாகக் காற்றை இழுக்கும்; வீச்சு போய்விடும்.

தேய்க்கிற கை இல்லாததால், அதன் வேலையைச் சூடும் காலமும் மருந்தும் செய்ய வேண்டியிருக்கிறது. தண்ணீரின் சூடு, நாம் வைக்கிற முறையைப் பொறுத்து, 50 முதல் 70 டிகிரி வரை போகும். நம் கை தாங்காத சூடு. இதற்கென்று விற்கிற பொடியில் காரத்தோடு 'என்ஸைம்' என்ற பொருள்களும் இருக்கின்றன. ஒன்று சோற்றுப் பசையைக் கரைக்கும். இன்னொன்று பால், தயிர், முட்டை இவற்றின் பிசுக்கைக் கரைக்கும். அவை மெதுவாகத்தான் வேலை செய்யும். இரண்டரை மணி நேரம் எதற்கு என்று கேட்டேனே, அதற்கு இதுதான் பதில். அந்த நேரத்தில் நாம் பக்கத்தில் நிற்க வேண்டியதில்லை என்பதை உணர எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. அதுவரை ஸ்டூல் போட்டு உட்கார்ந்து காவல் இருந்தேன்.

பீங்கானுக்கு இரங்கிய சீமாட்டி

பாத்திரம் கழுவும் யந்திரம் ஒன்றும் நேற்றுப் பிறந்தது அல்ல. 1850-ம் வருஷமே அமெரிக்காவில் ஜோயல் ஹௌட்டன் என்பவர் கையால் சுற்றுகிற ஒரு மர யந்திரத்துக்குப் பேடண்ட் வாங்கினார். அது உருப்படியாக வேலை செய்யவில்லை. உண்மையில் வேலை செய்த யந்திரத்தைப் படைத்தவர் ஒரு பெண்மணி. இல்லினாய் மாகாணத்தில் ஷெல்பிவில் என்ற ஊரில் வசித்த ஜோஸபின் காக்ரேன்.

அவர் பாத்திரம் தேய்த்துக் களைத்தவர் என்று நினைக்காதீர்கள். செல்வக் குடும்பம், விருந்துகளுக்குப் பேர் போன வீடு, வேலைக்காரர்கள் உண்டு. பரம்பரையாக வந்த பீங்கான் தட்டுகளை அவர்கள் கழுவும்போது விளிம்பு பெயர்ந்துவிடுவதுதான் அந்த அம்மாளின் கவலை. 1883-ம் வருஷம் கணவர் கடனை வைத்துவிட்டுக் காலமானார். அதன் பிறகு பொழுதுபோக்கு எண்ணம் பிழைப்புக்கு வழியாயிற்று. வீட்டின் பின்புறக் கொட்டகையில், ஒரு மெக்கானிக்கின் உதவியோடு, தட்டுகளின் அளவுக்குக் கம்பிச் சட்டங்கள் செய்து, அவற்றை ஒரு சக்கரத்தில் பொருத்தி, செப்புக் கொப்பரைக்குள் வைத்து, சோப்பு வெந்நீரைப் பீய்ச்சினார். 1886-ம் வருஷம் டிசம்பர் 28-ந் தேதி பேடண்ட் கிடைத்தது. 1893-ம் வருஷம் சிகாகோ உலகக் கண்காட்சியில் அந்த யந்திரம் எல்லோர் கண்ணையும் கவர்ந்தது.

வாங்கியவர்கள் பெரும்பாலும் ஹோட்டல்காரர்கள். வீடுகளில் அதற்கு வேண்டிய வெந்நீரும் இல்லை, விலையும் கட்டவில்லை. அந்த அம்மாள் 1913-ம் வருஷம் இறந்தார். அமெரிக்காவிலேயே வீடுகளில் அது பரவலானது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான்.

இந்தக் கதையில் எனக்கு ஒரு விஷயம் மனத்தில் தைத்தது. யந்திரம் பிறந்தது கையின் மேல் இரக்கப்பட்டு அல்ல. பீங்கானின் மேல் இரக்கப்பட்டு!

அதனால்தான் இன்றைக்கும் அதன் உள்ளமைப்பு தட்டுகளையே எதிர்பார்க்கிறது. 12 பேர், 14 பேர் சாப்பிட்ட பாத்திரம் கொள்ளும் என்று கடைக்காரர் சொல்வது மேல்நாட்டுக் கணக்கு. தட்டும் கிண்ணமும் கோப்பையும் கரண்டியும் சேர்ந்த கணக்கு. நமக்கோ தட்டு ஒரு பிரச்னையே அல்ல. சாப்பிட்ட தட்டைக் கழுவும் தொல்லையே வேண்டாம் என்று நம் முன்னோர்கள் வாழையிலையைக் கண்டுபிடித்து, சாப்பிட்டதும் மாட்டுக்குப் போட்டுவிட்டார்கள். நம் தொல்லை, சமைத்த பாத்திரம். குழம்பு வைத்த அடுக்கு, பால் காய்ச்சிய பாத்திரம், வதக்கல் செய்த கடாய், குக்கர், இட்லித் தட்டு, டபரா டம்ளர். இவற்றை அந்தக் கம்பிச் சட்டங்களில் நிறுத்துவது, எக்ஸ்பிரஸ் ரயிலில் பண்டிகைக் கூட்டத்தை ஏற்றுவது போலத்தான். நம் நாட்டில் விற்கிற சில யந்திரங்களில் 'கடாய்' என்றே பெயர் வைத்து ஓர் உக்கிரமான முறையைச் சேர்த்திருக்கிறார்கள். வியாபாரிகளுக்கு விஷயம் புரிந்துவிட்டது என்று அர்த்தம்.

உப்புப் படலம்

பத்து நாள் நன்றாக ஓடிற்று. பதினோராம் நாள் எடுத்துப் பார்த்தால் எவர்சில்வர் டம்ளர்கள் எல்லாம் விபூதி பூசிக்கொண்டு நிற்கின்றன! துடைத்தால் போகவில்லை. "இதற்குத்தானா இத்தனை பணம் கொட்டிக் கொடுத்தோம்?" என்று நான் ஆரம்பித்தேன். மகன் புத்தகத்தைப் பிரித்து, "அப்பா, உப்புப் போடணும்" என்றான்.

"பாத்திரத்துக்கு எதற்கடா உப்பு?" என்றேன்.

விஷயம் இதுதான். சென்னையில் எங்கள் பகுதியில் ஆழ்குழாய்த் தண்ணீர்தான். அது கடின நீர்; சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் நிறைந்தது. பருப்பு வேகாது; சோப்பு நுரைக்காது. சூடாக்கினால் சுண்ணாம்பு படியும். வெந்நீர்த் தவலையின் அடியில் ஏடாகக் கட்டுகிறதே, அதேதான். இதைத் தடுக்க யந்திரத்துக்குள் ஓர் அறை இருக்கிறது. அதில் ரெஸின் என்ற சிறு மணிகள் உள்ளன. உள்ளே வரும் தண்ணீரிலுள்ள சுண்ணாம்பை அவை பிடித்து வைத்துக்கொண்டு, பதிலுக்கு உப்பிலுள்ள சோடியத்தைக் கொடுக்கின்றன. மணிகள் நிறைந்துவிட்டால், உப்புத் தண்ணீர் ஓடி அவற்றை மறுபடியும் சுத்தம் செய்கிறது. உப்பு தீர்ந்தால் மணிகள் கையை விரித்துவிடும். டம்ளர் விபூதி பூசிக்கொள்ளும்.

"இவ்வளவுதானே, கல் உப்பு இருக்கிறதே" என்று நான் ஜாடியை எடுத்தேன். நல்ல வேளை, மருமகள் தடுத்தாள். கடலிலிருந்து எடுக்கிற கல் உப்பில் மக்னீசியமும் சுண்ணாம்பும் கலந்தே இருக்கும். எதை நீக்க வேண்டுமோ அதையே கரண்டியால் அள்ளிப் போட்ட கதையாகும். சமையல் பொடி உப்பு நைஸாக இருப்பதால் கட்டியாகி அடைத்துக்கொள்ளும். அதில் சேர்மானங்களும் உண்டு. இதற்கென்று சுத்தமான பெரிய பரல் உப்பு தனியாக விற்கிறது. அதை நிரப்பி, யந்திரத்தில் தண்ணீரின் கடினத்துக்கு உரிய எண்ணையும் திருத்தி வைத்த பிறகு, விபூதி நின்றது. வாங்க நினைப்பவர்கள் யந்திரத்தின் நிறத்தைப் பார்ப்பதற்கு முன் தங்கள் வீட்டுத் தண்ணீரைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எதை வைக்கலாம், எதை வைக்கக் கூடாது?

எவர்சில்வர், கண்ணாடி, பீங்கான் மூன்றும் ராஜ மரியாதையோடு வெளியே வருகின்றன. எண்ணெய்ப் பிசுக்குப் பிடித்த டப்பாக்கள் கையால் தேய்த்ததைவிட நன்றாக இருக்கின்றன. டபராவை மூக்கருகே கொண்டுபோனால் பால் வாடை இல்லை. இதை மட்டும் தயங்காமல் சொல்வேன்.

அலுமினியம் கூடவே கூடாது. என் மனைவியின் 30 வருஷத்து இட்லித் தட்டை வைத்தோம். தார் பூசினாற்போல் கறுத்து வந்தது. பொடியிலுள்ள காரம் அலுமினியத்தின் மேலுள்ள காப்புப் படலத்தைத் தின்றுவிடுகிறது. அந்தத் தட்டை இன்றுவரை பரணில் போடாமல், நான் பார்க்கும்படியாக வைத்திருக்கிறாள். பித்தளை, செம்பு, வெள்ளி, ஈயச் சொம்பு எதுவும் வேண்டாம், மெருகு போய்விடும். இரும்பு தோசைக்கல்லின் எண்ணெய்ப் பதம் ஒரே நாளில் போய்த் துருப் பிடிக்கும். கல்சட்டி, மண்சட்டி, மரக் கரண்டி இவையும் வெளியேதான். லேசான பிளாஸ்டிக் மூடி சூட்டில் கோணிக்கொள்ளும். மஞ்சள் கறை ஏறிய டப்பாவின் கறை முழுவதும் போகாது. அதற்கு வெயில்தான் மருந்து. இரண்டு நாள் மொட்டை மாடியில் வைத்தால் வெளுத்துவிடும்.

இன்னொன்று. அடிப்பிடித்த பாலும் கருகிய கடாயும் எந்த உக்கிர முறைக்கும் அசைந்துகொடுப்பதில்லை. ஊற வைத்துச் சுரண்டத்தான் வேண்டும். கடுகு, கறிவேப்பிலை, முருங்கைக்காய்ச் சக்கை எல்லாவற்றையும் குப்பையில் தட்டிவிட்டுத்தான் பாத்திரத்தை உள்ளே வைக்க வேண்டும். இல்லாவிட்டால் சல்லடை அடைத்துக்கொண்டு, நாலாம் நாள் கதவைத் திறந்ததும் மீன் மார்க்கெட் வாடை வீசும். சல்லடையை வாரம் ஒரு முறை கழற்றிக் கழுவ வேண்டும். பாத்திரம் கழுவும் யந்திரத்தையும் யாராவது கழுவத்தான் வேண்டியிருக்கிறது!

வரவு செலவு

என் முதல் ஆட்சேபணை தண்ணீர் அல்லவா? அதில் நான் தோற்றேன். குழாயின் கீழே வாளி வைத்து அளந்தேன். இரவுப் பாத்திரத்தைக் கையால் கழுவ 15 லிட்டர் வாளியில் மூன்று வாளி ஆயிற்று. யந்திரம் ஒரு தடவைக்கு எடுத்துக்கொள்வது 10 லிட்டர் சுமாருக்குத்தான். இருக்கிற தண்ணீரையே சுற்றிச் சுற்றி உபயோகிப்பதால் இது முடிகிறது. உள்ளே வைக்க முடியாத பாத்திரங்களுக்கு ஒரு வாளி போனாலும் மிச்சம்தான். 2019-ம் வருஷம் கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

மின்சாரத்தில் பாதி தோற்றேன். ஒரு தடவைக்குச் சுமார் 1 யூனிட் ஆகிறது. உக்கிர முறையில் அதற்கும் மேல். பொடி, உப்பு, பளபளப்புத் திரவம், மின்சாரம் எல்லாம் சேர்ந்து எங்கள் கணக்கில் ஒரு நாளைக்கு 20 ரூபாய்க்குக் குறையவில்லை. அரை வயிறாக ஓட்டினால் நஷ்டம். நிரம்பிய பிறகு இரவில் ஒரே தடவை ஓட்டினால் கட்டும். இரண்டு பேர் மட்டும் உள்ள வீட்டில் இது நிரம்புவதற்குள் பாத்திரம் தட்டுப்பட்டுவிடும். எங்கள் வீட்டிலேயே இன்னும் ஆறு டம்ளரும் நாலு கரண்டியும் கூடுதலாக வாங்க வேண்டி வந்தது.

வெட்கம் போன கதை

இனி, எந்த விளம்பரத்திலும் இல்லாத ஒரு பலனைச் சொல்கிறேன்.

மூன்றாம் மாதத்திலிருந்து எங்கள் வீட்டில் இரவுப் பாத்திரம் முழுவதும் ஆண்கள் பொறுப்பு. நான் எச்சில் மிச்சங்களைத் தட்டுகிறேன், மகன் அடுக்குகிறான், பத்து வயதுப் பேரன் பொத்தானை அமுக்குகிறான். காலையில் நானே எடுத்து அலமாரியில் வைக்கிறேன். யாரும் எங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. யந்திரம் என்றதும் எங்களுக்கே ஓர் உற்சாகம் வந்துவிட்டது. எந்தப் பாத்திரத்தை எந்தக் கோணத்தில் சாய்ப்பது என்பது பற்றி அப்பாவும் பிள்ளையும் என்ஜினீயர்களைப் போல் விவாதிக்கிறோம்.

ஒரு நாள் இரவு, கட்டை விரலில் தைலம் தேய்த்துக்கொண்டே என் மனைவி இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, ஒண்ணு கேக்கட்டுமா?" என்றாள்.

"கேளேன்."

"இத்தனை வருஷமா சோப்பு இருந்தது, தண்ணி இருந்தது, உங்களுக்கும் ரெண்டு கை இருந்தது. மிஷின் வந்தப்பறம்தான் இது வேலைன்னு உங்க கண்ணுக்குத் தெரிஞ்சுதா?"

நான் டம்ளரை அடுக்குவதில் மிகவும் மும்முரமாக இருப்பதுபோல் இருந்துவிட்டேன். என்ன பதில் சொல்வது? பாத்திரம் 'தேய்ப்பது' என்றால் வெட்கம். யந்திரம் 'ஓட்டுவது' என்றால் கௌரவம். பத்துப் பாத்திரம் என்ற சொல்லுக்குள் நாம் ஒளித்து வைத்திருந்த வெட்கம் அழுக்கைப் பற்றியது அல்ல. அந்த வேலையை யார் செய்கிறார்கள் என்பதைப் பற்றியது. 38 வருஷ இல்லறத்தில் எனக்குத் தெரியாத இது, 8 மாதத்தில் தெரிந்தது.

ஆறிய புண்ணும் ஆறாத கணக்கும்

அந்த அம்மாள் என்ன ஆனார் என்று வாசகர்கள் கேட்பீர்கள். அவர் இப்பொழுதும் வருகிறார். இரண்டு வேளைக்குப் பதில் ஒரு வேளை. யந்திரத்தில் வைக்க முடியாத பாத்திரங்களும், வீடு பெருக்கித் துடைப்பதும் அவர் பொறுப்பு. சம்பளத்தைக் குறைக்கவில்லை. இதைத் தர்மம் என்று சொல்லிக்கொள்ள எனக்கு விருப்பமில்லை; 18 வருஷம் உழைத்தவருடைய வருமானத்தை ஒரு பெட்டியை வாங்கியதால் வெட்டுவது நியாயம் ஆகாது என்று வீட்டில் எல்லோரும் பேசி முடிவு செய்தோம்.

ஆனால், கதை அதோடு முடியவில்லை. எங்கள் வீட்டு யந்திரத்தைப் பார்த்துவிட்டு, எங்கள் குடியிருப்பிலேயே இன்னும் இரண்டு வீடுகளில் வாங்கினார்கள். இரண்டும் அந்த அம்மாள் வேலை செய்த வீடுகள். "நன்றாக இருக்கிறது, வாங்குங்கள்" என்று மூன்றாம் மாதத்தில் சிபாரிசு செய்த மகானுபாவன் நான்தான். இரண்டு வீட்டிலும், "இனிமேல் வேண்டாம்" என்று சொல்லி அவரை நிறுத்திவிட்டார்கள். அவர்கள் மேல் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை.

சென்ற மாதம் அவர் கையைக் காட்டினார். விரலிடுக்கு உலர்ந்து, புதுத் தோல் வந்திருந்தது. நகக்கண் வீக்கம் வடிந்துவிட்டது.

"புண்ணு ஆறிப் போச்சு சார்" என்றார். சிரித்துக்கொண்டே, "ரெண்டு வூட்டு சம்பளமும் போச்சு" என்று சேர்த்துக்கொண்டார்.

இந்த இரண்டு வாக்கியங்களில் எதை எடுத்து எதை விடுவது? ஐந்து வீட்டு ஈரத்தில் அந்தக் கை ஊறிக்கொண்டே இருக்க வேண்டும் என்று யார் சொல்ல முடியும்? அந்தக் கைக்கு வேறு வேலை காட்டாமல் சும்மா இரு என்றும் யார் சொல்ல முடியும்?

எங்களால் ஆனதைச் செய்தோம். மேல் மாடியில் வயதான தம்பதிகள் வீட்டில், காய்கறி நறுக்கிச் சமையலுக்கு ஒத்தாசை செய்ய அவரைச் சேர்த்துவிட்டாள் என் மனைவி. போன இரண்டில் ஒன்றுக்கு அது ஈடாயிற்று. இன்னொன்றுக்கு இன்னும் ஆகவில்லை. வீட்டு வேலை செய்கிறவர்களுக்கென்று தமிழ்நாட்டில் 2007-ம் வருஷம் ஒரு நல வாரியம் ஏற்பட்டது. அதில் அவர் பெயர் பதிவாகவில்லை என்பதும் இந்தப் பேச்சில்தான் தெரிந்தது. 18 வருஷத்தில் நாங்கள் கேட்டதே இல்லை. மருமகள் இப்பொழுது காகிதங்களைத் தயார் செய்துகொண்டிருக்கிறாள். வாசகர்களும் தங்கள் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாம். யந்திரம் வாங்கினாலும் சரி, வாங்காவிட்டாலும் சரி.

வாங்கலாமா?

ஐந்தாறு பேர் உள்ள குடும்பம், எவர்சில்வர் பாத்திரம் மிகுதி, தண்ணீருக்கு ஏற்ப உப்புப் போடப் பொறுமை உண்டு, அடுக்கி எடுக்க வீட்டு ஆண்கள் தயார் என்றால், வாங்கலாம், வருத்தப்பட மாட்டீர்கள். அலுமினியமும் பித்தளையும் புழங்குகிற வீடானால் பணத்தை மிச்சப்படுத்துங்கள். உங்கள் வீட்டில் யாராவது வேலை செய்கிறார்கள் என்றால், கடைக்குப் போவதற்கு முன்னால் அவரோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள். நாங்கள் பின்னால் பேசினோம். அது தவறு.

கடைசியாக ஒன்று. போன வாரம் எனக்குக் காய்ச்சல். பாத்திரம் உள்ளே வைக்கப்படாமல் கிடந்தது. அந்த அம்மாள் வந்து பார்த்துவிட்டு, தாமே அடுக்கினார். மகனும் நானும் மல்லுக்கட்டி 40 உருப்படி வைக்கிற இடத்தில், 50-க்கு மேல் வைத்துவிட்டார்! அடுக்குகள் ஒன்றையொன்று மறைக்கவில்லை. ஒவ்வொரு டபராவும் தனித்தனியாகத் தலை குனிந்து நின்றது.

"யார் உனக்குச் சொல்லிக்கொடுத்தது?" என்று கேட்டாள் என் மனைவி.

"இதுக்கு யாரும்மா சொல்லித் தரணும்? தண்ணி எங்கேர்ந்து வருதோ, அந்தப் பக்கம் அழுக்கைக் காட்டணும். இத்தினி வருசம் நான் அதானே பண்ணிக்கிட்டு இருந்தேன்!" என்றார்.

அன்றிரவு ஓட்டியதில் ஒரு பாத்திரத்தில்கூடப் பற்று இல்லை. காய்ச்சல் விட்டதும், அடுக்குவது எப்படி என்று நானும் என் மகனும் அவரிடம் பாடம் கேட்டுக்கொண்டோம்.